கூடு கலைக்காத வருஷம்

மைனாவின் குரல் இனிமை என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அது சண்டைக்கு நிற்கிற குரல். போர்ட் பிளேரில், டெலானிபூர் மேட்டில் நாங்கள் இருந்த சர்க்கார் குவார்ட்டர்ஸின் சமையலறைக் கூரையில் அதைப் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டிருக்கிறேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

பலகைச் சுவரும் தகரக் கூரையுமான வீடு. சமையலறைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை ஓட்டையாய் இருந்தது. மழைக்காலத்தில் அம்மா குழம்புச் சட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு சமைப்பாள். கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே குடை. அப்பா ஆபீசில் குமாஸ்தா. மேலதிகாரி கண்ணில் படும்போதெல்லாம் கூரையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒருவழியாகப் புதுத் தகரத்துக்கு உத்தரவு வாங்கினார். கல்கத்தாக் கப்பலில் தகரம் வந்தது, ஆணி வரவில்லை. ஆணி வந்தபோது தச்சர் நிக்கோபார் பக்கம் வேலைக்குப் போயிருந்தார். தகரங்கள் கொல்லையில் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. அவற்றின் அடியில் பூரான் குடும்பம் நடத்தியது.

அந்தச் சமயத்தில்தான் தூத்துக்குடியிலிருந்து சித்தி உண்டாகியிருக்கிற சேதி வந்தது. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. அவர்களுடைய தாயார் சீக்கிரமே போய்விட்டதால், தலை பின்னி, சோறூட்டி, கல்யாணம் வரைக்கும் அவளை வளர்த்தது அம்மாதான். வைகாசியில் பிரசவம் என்றார்கள்.

"தலப்பிரசவம். தாயிருந்து பாக்க வேண்டியது. அந்த எடத்துல நாந்தான் நிக்கணும்," என்றாள் அம்மா.

அப்பாவுக்கு ஊருக்குப் போக லீவு சேர்ந்திருந்தது. சித்திரைத் தொடக்கத்துக் கப்பலில் மெயின்லேண்ட் போவது என்று முடிவாயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. தீவில் பிறந்த பிள்ளை நான், ரயிலைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்தவள். மெட்ராசில் இறங்கி ரயிலில் தூத்துக்குடி வரை போகப்போகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன். பக்கத்து வீட்டு வங்காளிப் பிள்ளைகளிடம் ஹிந்தியிலும் ஒருமுறை சொன்னேன்.

சேதி வந்த நாளிலிருந்து அம்மா ஆளே மாறிப்போனாள். புள்ளத்தாச்சி இருக்கிற குடும்பத்தில் எந்த உயிரையும் கொல்லக் கூடாது, எந்தக் கூட்டையும் கலைக்கக் கூடாது என்பது அவள் ஊர் வழக்கம். புள்ளத்தாச்சி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளே என்றால், "கடலென்ன கடல், ரத்தம் ஒண்ணுதான," என்பாள். எங்கள் தோட்டத்தில் கைமுட்டி பருமனுக்கு நத்தைகள் உண்டு. அதுவரை அவற்றின் மேல் உப்பைத் தூவிக் கொன்றவள் அம்மாதான். அந்தக் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்து வேலிக்கு அப்பால் விட ஆரம்பித்தாள். அவை பொழுது விடிவதற்குள் திரும்பி வந்து கீரைப்பாத்தியை மொட்டையடித்தன. "தங்கச்சி பெத்து முடிக்கதுக்குள்ள நாம பட்டினிதான்," என்று அப்பா முணுமுணுத்தார்.

பங்குனிக் கடைசியில் தச்சர் வந்தார். தெலுங்குக்காரர், எங்களோடு பேசுவது ஹிந்தி. ஏணி வைத்து ஏறிப் பழைய தகரத்தின் ஓரத்தை நெம்பியவர் அப்படியே நின்றுவிட்டார். தகரத்துக்கும் விட்டத்துக்கும் நடுவில் மைனாக் கூடு. உள்ளே நீல முட்டைகள்.

"அம்மாஜி, அண்டா ஹை. ஃபேங்க் தூம்?" என்று கையால் தூக்கி எறிகிற மாதிரி காட்டினார்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "நஹி, நஹி! எறங்குங்கோ மொதல்ல! ருக்கோ! குஞ்சு பறந்தப்பறம் வாங்கோ."

தச்சர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அப்பா சிரிக்கவில்லை. கூரையை முடிக்காமல் போனால் தகரத்தை வேறு குவார்ட்டர்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், திரும்பி வரும்போது மழை வீட்டுக்குள் நிற்கும் என்று அவருக்குக் கவலை.

"தச்சரு அவரு பாட்டுக்கு முடிக்கட்டும், நாம கப்பல் ஏறுவோம்," என்றார்.

"நாம கப்பல் ஏறுன மறுநிமிஷம் அந்தாளு அத வழிச்சு எறிஞ்சுருவாரு. எந்தங்கச்சி வயித்துல புள்ள இருக்கயில இந்த வீட்டுல ஒரு கூடு கலயக் கூடாது. அடுத்த கப்பல்ல போவோம். வைகாசிக்கு இன்னும் நாளு கெடக்கு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. சித்திரைக் கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போனது. அதன் சங்குச் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது, நான் பாயில் குப்புறப் படுத்து அழுதேன். அம்மா கூரையை அண்ணாந்து பார்த்து, குஞ்சு பொரித்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு அந்தக் குஞ்சுகளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த கப்பல் சொன்ன நாளில் வரவில்லை. பழுதுபார்க்க நிற்கிறது என்றார்கள், நிக்கோபாருக்குத் திருப்பிவிட்டார்கள் என்றார்கள், ஆளுக்கொரு பேச்சு. அம்மா பழைய நூல்சேலைகளைத் துவைத்து, காயவைத்து, பிள்ளைத் துணிக்காகக் கிழித்து மடித்துக்கொண்டே இருந்தாள். குஞ்சுகள் பறந்தன. தச்சர் வந்து ஒரு காலைப்பொழுதில் கூரையை முடித்துவிட்டுப் போனார். அத்தனை நாள் இழுத்த வேலை, ஒரு காலைப்பொழுது.

கப்பல் வந்து ஏறினோம். மெட்ராசில் ரயிலையும் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் கரி விழ விழ வந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமான பயணம் வேறு கிடையாது. அதைச் சொல்வதற்கு இப்போதும் கூசுகிறது.

தூத்துக்குடியில் சித்தி வீட்டுத் தெருவில் வண்டி திரும்பியபோது, சித்தப்பா மொட்டைத் தலையோடு வாசலில் நின்றார். திருச்செந்தூருக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அம்மாவுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. வண்டி நிற்பதற்குள் குதித்தாள். துணி மூட்டை அவிழ்ந்து தெருவில் விழுந்தது.

பிரசவம் முன்கூட்டியே வந்துவிட்டது. தந்தி எங்களைத் தேடிப் போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தபோது நாங்கள் கடலில் இருந்தோம்.

"அவ ஒங்களத்தான் கேட்டா மதினி," என்றார் சித்தப்பா. "அக்கா கப்பல்ல வாரா, அக்கா கப்பல்ல வாராண்ணு சொல்லிக்கிட்டே கெடந்தா."

உள்ளே ஒரு பெண்பிள்ளை தொட்டிலில் கிடந்தது. சித்தப்பா தனி ஆள், உப்பளத்தில் வேலை. லீவு முடிந்து கப்பல் ஏறும்போது அந்தப் பிள்ளை அம்மாவின் மடியில் இருந்தது, அம்மா கிழித்து மடித்த துணியில்.

வீட்டுக்கு வந்தால் புதுக் கூரை வேறோர் இடத்தில் ஒழுகியது. அப்பா தச்சரைத் திட்டினார், கப்பலைத் திட்டினார். ஒருநாள் வாய் தவறி, "அந்த எழவு மைனா," என்று ஆரம்பித்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் நிறுத்தவில்லை, மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். அம்மா மட்டும் எதையும், யாரையும் சொல்லவில்லை. நத்தைகளுக்குப் பழையபடி உப்பு போட்டாள்.

பிள்ளைக்கு மூன்று வயதான பங்குனியில் மைனா மறுபடியும் வந்தது. இந்த முறை கொல்லைப்புறத்து இறவாரத்தில். கைக்கெட்டும் உயரம். ஒரு கம்பு எடுத்தால் போதும், நான் எடுக்கத்தான் போனேன். அதற்குள் பிள்ளை பார்த்துவிட்டுத் தூக்கச் சொல்லி அழுதது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து அவளைத் தூக்கிக் கூட்டுக்கு நேராகப் பிடித்தாள்.

"குஞ்சு!" என்றாள் பிள்ளை. அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்தாள். "இதோட அம்மா எங்க?"

"எர எடுக்கப் போயிருக்கு. இப்ப வந்துரும்."

"வரலையே."

"வரும்டா. இரு."

அம்மா அவளைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன், கொடுக்கவில்லை. அடுப்பில் சோறு தீய்கிற வாடை வந்தது. மைனா வந்து கூட்டில் உட்காரும்வரை அம்மா அவளை இறக்கிவிடவில்லை.