விளக்கு வைத்த பிறகு கொடுத்த பணம்

செல்லியம்மாளின் கணவர் கோதண்டபாணி பிள்ளையார்பாளையத்தில் இரண்டு தறி வைத்து நெய்துவந்தவர். அந்தத் தறிகளை வாங்கத்தான் வீட்டை ஜரிகை வியாபாரி துரைக்கண்ணுவிடம் அடமானம் வைத்தார். பத்திரம் எழுதியவன் நான். 1970 ஆனி கடைசி நாளுக்குள் வட்டியும் முதலும் தீராவிட்டால் வீடு துரைக்கண்ணுவைச் சேரும் என்பது நிபந்தனை.

அந்த வருஷம் தை மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. காய்கறிச் சில்லறையைத் தவிர வேறு பணத்தைக் கையாண்டறியாத செல்லியம்மாள், தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். இருந்த ரசீதுகளையெல்லாம் படித்துக் காட்டினேன்.

"போன தீவாளிக்குச் சேலை வித்த முந்நூறு ரூபா, துரைக்கண்ணு முதலாளிகிட்டக் குடுத்துட்டு வரேன்னு போனாரே. அது எங்கய்யா?"

அதற்கு ரசீது இல்லை. வீட்டுக்கே போய்க் கோதண்டபாணியைக் கேட்டோம். ஆம் என்றால் அவர் இடது கையைத் தூக்குவார்.

"குடுத்தீங்களா?"

கை உயர்ந்தது.

"சீட்டு வாங்கினீங்களா?"

கை அசையவில்லை.

"விளக்கு வெச்சப்புறமா போனீங்க?"

கை உயர்ந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

விளக்கு வைத்த பிறகு வருவதை வாங்கலாம், வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்கக் கூடாது. ஊர் முழுக்க உள்ள வழக்கம் இது. துரைக்கண்ணு அதைச் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு, ரசீதைக் காலையில் தருவதாக அனுப்பிவிட்டார். பிறகு கேட்கக் கோதண்டபாணிக்குக் கூச்சம்.

செல்லியம்மாள் ஒரு தறியை விற்றாள். மற்றதில் கூலிக்கு ஆள் வைத்தாள். கூரம் கிராமத்தில் தன் பங்குக்கு வந்த நெல்லைப் பணமாக்கினாள். போன முந்நூறையும் சேர்த்து மறுபடி கட்டியாக வேண்டும்.

கெடு நாள் வியாழக்கிழமை. காலையில் போனபோது முதலாளி வாலாஜாபாத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மத்தியானமும் அதே பதில். பொழுது சாய்ந்ததும் பக்கத்து வீட்டு மணியம்மாளைக் கணவருக்குத் துணை வைத்தாள். "நான் வர்ற வரைக்கும் எங்க ஊட்ல விளக்கு வெக்காதீங்க. பணம் வெளிய போவணும்" என்றாள். வரவு எழுத என்னையும் அழைத்துக்கொண்டாள்.

நாங்கள் நுழைந்தபோது துரைக்கண்ணுவின் மனைவி பூவம்மாள் விளக்கை ஏற்றியிருந்தாள்.

"வாம்மா, லட்சுமியாட்டம் விளக்கு வெச்ச நேரத்துல வந்துக்கினு இருக்கே" என்று சிரித்தார் துரைக்கண்ணு. "பணத்தை வெச்சிட்டுப் போ. பத்திரம் காலைல வரும்."

"இன்னைக்குத்தான் கெடு முதலாளி. இப்பவே குடுங்க."

"விளக்கு வெச்சாச்சே. உனக்குத் தெரியாததா?"

கொடுக்காவிட்டால் கெடு தவறும். கொடுத்துவிட்டுப் போனால் முந்நூறு போன வழிதான். செல்லியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பூவம்மாள் பார்க்க விளக்கடியில் நோட்டுகளை எண்ணி வைத்தாள். அங்கேயே தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா உக்காந்துட்டே?"

"பத்திரம் வெளிய போவக் கூடாது, சரி. நானும் போவல. விடிஞ்சதும் ரெண்டு பேரும் ஒண்ணா போறோம்."

"ஊட்ல புருஷன் படுத்துக்கினு இருக்கான்..."

"அவருக்காவத்தான் உக்காந்துக்கினு இருக்கேன்."

"தெருவே பாக்குது. என் மானம் போவுதும்மா!"

"விளக்கு வெச்சப்புறம் அது மட்டும் போவலாமா முதலாளி?"

பூவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துரைக்கண்ணு இரும்புப்பெட்டியைத் திறந்தார். பத்திரத்தின் பின்பக்கம், பாக்கியில்லை என்று நான் எழுத, அவர் கையெழுத்துப் போட்டார். அப்போதும் அதைக் கையில் தரவில்லை. நான் கிளம்பினேன், அவள் அசையவில்லை. அவர் நினைத்தால் அந்தக் காகிதம் கிழிய எவ்வளவு நேரமாகும் என்ற எண்ணமே வழியெல்லாம் இருந்தது.

வாசல் தெளிக்கும் வேளையில் மறுபடி போனேன். இரவு முழுக்க அவள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை என்று பூவம்மாள் சொன்னாள். செல்லியம்மாள் பத்திரத்தை மார்போடு அணைத்தபடி வெளியே வந்தாள்.

வீட்டில் கோதண்டபாணி ஏற்றாத விளக்கையே பார்த்தபடி விழித்துக் கிடந்தார். அவருடைய இடது கையில் பத்திரத்தை வைத்தாள். தடவிப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார்.

"அந்த முந்நூறையும் கேட்டேனே" என்றாள் அவள், திரியைத் தூண்டிக்கொண்டே. "இன்னைக்கு ஆடி வெள்ளிக்கிழமை, பணம் வெளிய போவாதுன்னாரு."

விளக்கை ஏற்றினாள்.

"நாளைக்குச் சனிக்கிழமைதானே. பொழுதோட போயிடறேன்."