பாண்டியன் மீன்

அப்பா இறந்து நான்கு மாதமாகியும் அம்மாவும் நானும் அழவில்லை. அழக்கூடாது என்றில்லை, வரவில்லை. நான் ரவாங் தொழிற்சாலைக்குப் போனேன், வந்தேன். அம்மா புக்கிட் செந்தோசா வீட்டில் சமைத்தாள், தொலைக்காட்சி பார்த்தாள். அவருடைய மாத்திரை டப்பாவைத் தூசி தட்டித் தட்டி அதே இடத்தில் வைத்தாள்.

அப்போதுதான் பழைய தோட்டத்து ஆட்களின் வாட்சாப் குழுவில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, எங்கோ வெளிநாட்டில் வயலுக்கு அடியில் கிடைத்த ரோமானியர் காலத்துத் தரை. சின்னச் சின்னக் கல் பதித்துச் செய்த மீன்கள். இன்னொன்று, கோலசிலாங்கூர்ப் பக்கம் நாங்கள் வாழ்ந்த தோட்டம். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களை வெட்டிவிட்டு வீடு கட்டத் தோண்டியபோது அதே மாதிரி ஒரு தரை. அதிலும் இரண்டு மீன்கள். 'பாண்டியன் சின்னம்! நம்மாளு கடல் தாண்டி வந்து ஆண்டதுக்கு ஆதாரம்' என்று கீழே எழுதியிருந்தார்கள். வேலையை நிறுத்திவிட்டார்களாம், அருங்காட்சியகத்திலிருந்து ஆள் வருகிறார்களாம். ஒரே நாளில் ஆளாளுக்குச் சரித்திரப் பேராசிரியர் ஆகிவிட்டார்கள்.

படத்தை அம்மாவிடம் காட்டினேன்.

"நம்ம குசினிலா," என்றாள்.

எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தோட்டத்தில் வரிசையாகக் கட்டியிருந்த லயத்து வீட்டுச் சமையல்கட்டில் அப்பா போட்ட தரை அது. டவுன் கடையில் உடைந்ததென்று தூக்கிப் போட்ட டைல்ஸையெல்லாம் பொறுக்கி வந்து, சுத்தியலால் இன்னும் சின்னதாக்கி, ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து பதித்தார். மீன் என்றார். சிலிப்பர் மாதிரி இருக்கிறது என்பாள் அம்மா. லயத்தை இடித்து, மேலே மண் கொட்டிச் செம்பனை நட்டபோது எல்லாம் அடியில் போய்விட்டது.

மறுநாள் அம்மாவைக் காரில் கூட்டிப் போனேன். பெரிய கூட்டம், யாரோ சூடம்கூட ஏற்றியிருந்தார்கள். அருங்காட்சியக அதிகாரி, ஒரு மலாய்க்காரப் பெண், தூரிகையால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். இன்னும் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளைக்காவது தரை தப்பும். அப்பா கையால் செய்ததில் மிச்சம் அது ஒன்றுதான்.

அம்மா நேராகப் போய் மலாயில் சொல்லிவிட்டாள். இது என் வீட்டுக்காரர் போட்டது, இந்த மூலையில்தான் என் அடுப்பு இருந்தது. அதிகாரி அங்கே படிந்திருந்த கரியைப் பார்த்தார். அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, தூரிகையைப் பையில் வைத்தார்.

கூட்டத்துக்குக் கோபம். தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய பழைய மண்டோரின் மகன், "சும்மா இருந்திருக்கலாம்லா அக்கா. பாண்டியன்னா பத்திரமா வச்சிருப்பாங்க," என்றார்.

"எம் புருசன் இடுப்பொடிய ஒக்காந்து போட்டது. அத எந்த ராசாவுக்கோ தூக்கிக் குடுக்கணுமா?" என்றாள் அம்மா.

மண்வாரி இயந்திரம் உறுமத் தொடங்கியது. அம்மா கை காட்டி அதை நிறுத்தினாள். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, கைத்துண்டை நனைத்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூலையிலிருந்து துடைத்தபடியே பின்னால் நகர்ந்து வந்தாள். நீலமும் மஞ்சளும் பளிச்சென்று தெரிந்தன. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

துடைத்து முடித்து வெளியே வந்தாள். ஓட்டுநர் இயந்திரத்தை முன்னால் நகர்த்தினார்.

"ஈரமா இருக்கு. காயட்டும். அதுவரைக்கும் யாரும் கால வைக்காதீங்க," என்றாள்.

அவர் இஞ்சினை அணைத்தார். செம்பனை வெட்டிய இடத்தில் நிழலே இல்லை, வெயில் கொளுத்தியது. தரை சீக்கிரம் காய்ந்துவிட்டது.