தியேட்டரின் பின்சுவர்

போன மாதம் மஞ்சுளாவிடமிருந்து போன். தேன்கனிக்கோட்டை ரோட்டில் மூடிக் கிடக்கும் பழைய தியேட்டர் இப்போது அவள் பெயரில் இருக்கிறது. அதைக் கட்டிய முதலாளியின் மருமகள். கட்டடத்துக்குப் பிளான் எதுவும் இல்லையாம். எஞ்சினியர் என்னைக் கேட்க வேண்டும் என்கிறாராம்.

போகாமல் இருப்பேனா? திரை கட்டியிருந்த அந்தப் பின்சுவர் நான் எழுப்பியது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருபது வயதில் மேஸ்திரி. மூக்கண்டப்பள்ளியில் பாதி லைன் வீடுகள் என் கையால் எழுந்தவை. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர்களுக்கு அந்தச் சுவரையும் தெரியும். எத்தனை மழை, எத்தனை லாரி... ஒரு விரிசல் உண்டா என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன்!

அதன் மேல் இரண்டு மாடி ஏற்றி, கம்பெனி வேலைக்கு வரும் பெண்களுக்கு ஹாஸ்டல் கட்டுவது மஞ்சுளாவின் திட்டம். ஜூனில் சாவி தருவதாக ஒரு கம்பெனிக்கு வாக்கும் கொடுத்துவிட்டாள். பின்சுவர் தாங்கினால் முடியும். இடித்துக் கட்டினால் ஜூன் தவறும். ஒப்பந்தம் கையை விட்டுப் போகும்.

எஞ்சினியர் சேலத்துத் தம்பி. சுவரை அங்கங்கே தட்டிப் பார்த்தார். பூச்சு கிண்ணென்று இருந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“உள்ள என்ன கலவைங்க ஐயா?”

சிமென்ட் என்று ஒரு வார்த்தை... மஞ்சுளா அதற்குத்தான் காத்திருக்கிறாள் என்று அவள் முகமே சொன்னது.

அந்தக் கட்டடத்தின் கதை வேறு. அது முதலில் டூரிங் டாக்கீஸ் — முதல் ஆட்டம் தமிழ், இரண்டாம் ஆட்டம் கன்னடம். அந்த லைசென்ஸில் நிரந்தரக் கட்டடம் கூடாது. புதுப்பிக்கும் சமயம் அதிகாரி வந்து பார்ப்பார். அவர் வரும்போது பின்சுவர் இருக்கக் கூடாது. போனதும் இருக்க வேண்டும்! முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டார். வழி சொன்னவன் நான்தான் — செங்கல்லை மண் சாந்தில் அடுக்கினால் உடையாமல் கழற்றலாம், மறுபடி அடுக்கலாம். வருஷா வருஷம் கழற்றினோம், அடுக்கினோம்.

பிறகு நிரந்தர லைசென்ஸ் வந்தது. அப்போதாவது சிமென்ட்டில் கட்டியிருக்க வேண்டும். பொங்கலுக்குப் படம் போட முதலாளிக்கு அவசரம். எனக்கு வேறு சைட் காத்திருந்தது. மண் சுவர் மேலேயே கனமாகச் சிமென்ட் பூசிவிட்டேன். ஊரே பாராட்டியது. நானும் பாராட்டிக்கொண்டேன்... இன்றுவரை.

சும்மா நிற்கும் சுவருக்கு அது போதும். இரண்டு மாடியும், அதில் தூங்கும் பெண்களும் ஏறினால்?

“மண்ணுங்க தம்பி,” என்றேன். “பூச்சு மட்டுந்தான் சிமென்ட்டு.”

மஞ்சுளா பூச்சின் மேல் கையை வைத்தாள்.

“நான் கல்யாணமாகி வந்த நாளா இந்தச் செவுத்துப் பெருமையத்தானே மாமா பேசினீங்க?”

“பேசினேன்மா. நின்னுச்சில்ல?”

“நின்னுச்சு. கம்பெனிக்காரங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது?”

ஒப்பந்தம் பாகலூர்ப் பக்கம் வேறொருவருக்குப் போய்விட்டது. சுவரைப் பிரிக்க இரண்டே ஆள், ஒரு காலைப்பொழுது. பூச்சு போனதும் செங்கல் முழுசு முழுசாக வந்தது. அந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மஞ்சுளா வேறு கம்பெனி தேடிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் சுவரை எழுப்பிவிட வேண்டுமாம். மேஸ்திரி வேறு ஆள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். சரி, கலவையை மட்டும் நான் பார்க்கிறேன் என்றேன். சம்மதித்தாள்.

தினமும் காலை ஏழு மணிக்குப் போய் நிற்கிறேன். புது மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, என் கண் முன்னால்தான் சிமென்ட் மூட்டையைப் பிரிக்கிறார். மரியாதையா, குத்தலா... நான் கேட்கவில்லை.