யார் வென்றால் எந்த உடுப்பு?

தேர்தலுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மசாகிறா ராத்தாவிடம் துணி கொண்டுபோனேன். அவர் கிழக்குக் கரையோரத்துச் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில் இருக்கும் தையல்காரி. முன் விறாந்தையில் இரண்டு மெஷின். அக்கம்பக்கத்துப் பெண்கள் யார் மெலிந்தார், யார் பெருத்தார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

“மகளுக்கு ரெண்டு விதமாத் தைக்கணும் ராத்தா,” என்றேன்.

பையைக் கவிழ்த்துத் துணிகளைப் பிரித்தார். ஒரு பக்கம் கடும் நீலத்திலும் மண் நிறத்திலும் ஹபாயா அங்கிக்கான துணி. மறு பக்கம் வெளிர் நிறத்தில் பூப்போட்ட சல்வார் துணி, அதற்குத் தோதாகச் சின்ன ஸ்கார்ஃப். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இது அவர் வெண்டா... அது மத்தவர் வெண்டா. அப்பிடித்தானே?”

“எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?” என்றேன்.

“கண்டுபிடிக்க என்ன இரிக்கி? இந்தக் கிழம வந்த எல்லாரும் இப்பிடித்தான் கொண்டுவாறாங்க. வெளியூர்ல வேல செய்யிற புள்ளையள், கெம்பஸ் போற புள்ளையள்... கறுப்புத் துணிய மட்டும் ஒருத்தரும் தூக்கிட்டு வரல்ல.”

நான் ஒருத்திதான் இப்படிக் கிறுக்கு வேலை பார்க்கிறேன் என்று கூச்சப்பட்டுக்கொண்டு, துணியைக் கறுப்புப் பையில் மறைத்து எடுத்துப் போயிருந்தேன். போனால் எனக்கு முன்னால் ஒரு ஊரே போய்த் திரும்பியிருக்கிறது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் ரிஸ்னா மருந்தாளர் படிப்பை முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்துக்கொண்டிருந்தாள். நியமனம் வந்தது. தென் பகுதியில் சிங்களவர் நிறைந்த ஒரு சின்ன நகரத்து அரசாங்க ஆஸ்பத்திரி. ஊரின் பெயரை எழுத மாட்டேன். இந்தப் பத்தியைப் படித்துவிட்டு யாராவது தேடிப் போனால்...? இப்படியெல்லாம் யோசிக்கிற ஆளாகத்தான் நான் இருக்கிறேன், என்ன செய்ய.

வேலையில் சேர வேண்டிய நாள், ஜனாதிபதித் தேர்தல் முடிந்து மூன்றாம் நாள். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. நானோ கடிதத்தைப் படித்த கையோடு துணிக்கடைக்குப் போனேன்.

இந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் யூடியூபில் ஒரு பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜனாதிபதி மாறினால் ஒரு நாட்டின் பாட்டு மாறுமாம், சினிமா மாறுமாம், தலைமயிர் வெட்டுகிற விதம்கூட மாறுமாம். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு அதை ஒரு மணித்தியாலம் விளக்கினார். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதற்கு ஒரு மணித்தியாலம் எதற்கு? எங்கள் கரையோரத்துக்கு வந்தால் நான் பத்து நிமிடத்தில் காட்டிவிடுவேனே.

சில வருடங்களுக்கு முந்திய தேர்தல் ஒன்று முடிந்த கையோடு, நாடு முழுக்கச் சுவர்களில் சித்திரம் வரைகிற மோகம் பிடித்ததே, நினைவிருக்கிறதா? எங்கள் ஊர்ப் பொடியன்மாரும் தூரிகையோடு இறங்கினார்கள். எதை வரைவது என்று ஒரு பின்நேரம் முழுக்கச் சந்தியில் நின்று விவாதம். அரசன் ஒருவனை வரையலாம் என்றான் ஒருவன் – எந்த இனத்து அரசனை? பள்ளிவாசலை வரையலாம் – வேண்டாம், வேறு பிரச்சினை வரும். பேரீச்ச மரம்? ஐயோ, அரபு நாட்டு மரம் என்பார்கள், வேண்டவே வேண்டாம். கடைசியில் பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்றை வரைந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. நாட்டில் மற்ற இடங்களில் பிடித்ததை வரைந்தார்கள், எங்கள் பிள்ளைகள் ஒருவரும் கேள்வி கேட்க முடியாததை வரைந்தார்கள்.

இந்த முறை டிக்டொக் காலம். தேர்தல் பாட்டுத்தான் எங்கும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு அழைத்து வருவோம் இல்லையா? அந்தக் காட்சிக்கு ஒரு வேட்பாளரின் பாட்டைப் போட்டு வீடியோ செய்வது இந்த சீசனின் ஸ்டைல். காரிலிருந்து மாப்பிள்ளை இறங்க, பின்னால் சிங்களப் பாட்டு அதிரும். தேர்தல் நெருங்க நெருங்க, வீடியோக்காரருக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் டெலிபோன் கோல். “தம்பி, அந்தப் பாட்டத் தூக்கிட்டு வேற என்னத்தையாவது போடுங்க. மாப்பிள வெளியூர்ல வேல செய்யிறவர்.” இப்போது மாப்பிள்ளைமார் எல்லோரும் வெறும் புல்லாங்குழல் இசைக்குக் காரிலிருந்து இறங்குகிறார்கள்.

ஹபாயாவின் கதையும் இதுதான். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டு வெடித்து எங்கள் எல்லோர்மேலும் சந்தேகம் விழுந்த பிறகு, அதே வருடம் தேர்தலும் வந்த பிறகு, எங்கள் கடைகளில் கறுப்பு பின்னால் போனது. சாம்பல் வந்தது, பச்சை வந்தது, பூ வேலை செய்தது வந்தது. ‘புது டிசைன், புது ட்ரெண்ட்’ என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். நாங்களும் ஃபேஷன் என்றே சொல்லி வாங்கிக்கொண்டோம். பயந்து வாங்குகிறோம் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்?

நான் ஒன்றும் சும்மா பயப்படுகிறவள் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு நாள் கொழும்புக்குக் கண் டாக்டரிடம் போனேன். பகல் பஸ். வழியில் ஏறிய ஒரு மனிதர் என் கறுப்பு ஹபாயாவைப் பார்த்தார், மடியில் இருந்த பையைப் பார்த்தார். திறந்து காட்டச் சொன்னார். அவர் பொலிஸும் இல்லை, கண்டக்டரும் இல்லை. பஸ்ஸில் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் திறந்து காட்டினேன். சொந்தக்காரருக்குக் கொண்டுபோன மஸ்கட் இனிப்பு, ஒரு துவாய், மருந்துச் சிட்டை. அவர் மஸ்கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு முன்னால் போய் நின்றார். கொழும்பு வரும்வரை பையைத் திறந்தபடியே மடியில் வைத்திருந்தேன். அந்த மஸ்கட்டை யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் குப்பையில் போட்டேன்.

அதனால்தான் இரண்டு விதமாகத் தைக்கக் கொடுத்தேன். நல்லபடி முடிந்தால் ஹபாயா. நான் பயப்படுகிற மாதிரி முடிந்தால் பூப்போட்ட சல்வார் – தூரத்திலிருந்து பார்த்தால் யார் என்ன என்று சட்டென்று தெரியாது.

தைத்து வந்த உடுப்புகளைக் கட்டிலில் விரித்தபோது ரிஸ்னா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னும்மா இது, கடையா போடப் போறீங்க?”

விளக்கினேன். முகம் சிவந்துவிட்டது.

“வேலைக்குப் போறது மருந்து குடுக்க. மேல வெள்ளக் கோட்டுப் போட்டா, உள்ள என்ன நிறம் எண்டு ஆருக்குத் தெரியப் போகுது?”

“கோட்டு ஆஸ்பத்திரிக்குள்ளதான் புள்ள. பஸ்ஸில? ரோட்டுல? தங்கிற வீட்டுல?”

“வோட்டுப் போடுறது நாட்டுக்கு ஜனாதிபதி எடுக்க. எனக்கு உடுப்பு எடுக்க இல்ல.”

நல்ல பதில்தான். பத்தி எழுதுகிறவளின் மகள், வாய் இருக்காதா? ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“உனக்கு ஒண்டும் தெரியா. பஸ்ஸில என்ட பையத் திறந்து பாத்த நேரம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?”

அவள் வந்து கட்டில் நுனியில் உட்கார்ந்தாள்.

“நானும்தானேம்மா அந்த பஸ்ஸில இரிந்தன். உங்கட பக்கத்து சீட்டுல.”

உண்மைதான். பள்ளிக்கூட லீவு என்று அவளையும் கூட்டிப் போயிருந்தேன். என் பயத்திலேயே மூழ்கியிருந்து, பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்ததையே இத்தனை வருடமாக மறந்துவிட்டேன். அவளும் ஒரு நாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. நான் உடுப்புகளை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

தேர்தல் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை முடிவுகள் வந்துகொண்டிருந்தன. இவர் டீவியை விட்டு எழும்பவில்லை. வட்ஸ்அப்பில் ஒருத்தி வெளியே போகாதீர்கள் என்கிறாள், இன்னொருத்தி ஒன்றுமில்லை, போங்கள் என்கிறாள். எங்கோ பட்டாசு வெடித்தது. யார் வெடிக்கிறார்கள், எதற்காக, யாருக்குக் கேட்பதற்காக? எங்கள் ஊரில் சந்தோஷத்தில் வெடிப்பதும் உண்டு, ‘நாங்களும் சந்தோஷம்தான்’ என்று காட்டுவதற்காக வெடிப்பதும் உண்டு. சத்தத்தை வைத்துப் பிரித்தறிய எனக்கு இன்னும் தெரியவில்லை. பின்நேரத்து அசர் தொழுதுவிட்டு அப்படியே விரிப்பில் உட்கார்ந்திருந்தேன்.

யார் வென்றார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த முறை நான் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. வென்றவர் டீவியில் நிதானமாகக் கதைத்தார். தோற்றவர்களும் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள். கடைத்தெரு வழமைபோலத் திறந்தது. மூச்சு வந்தது.

“அல்ஹம்துலில்லாஹ். ஹபாயாவ வை மகள். சல்வாரை நான் அலுமாரில வச்சிர்ரன்,” என்றேன்.

ரிஸ்னா சூட்கேஸைக் கட்டிலில் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் ஹபாயாக்களை வைத்தாள். பிறகு, நான் எடுக்கப் போன சல்வாரை என் கையிலிருந்து வாங்கி, அதையும் மடித்து அடியில் வைத்தாள். ஸ்கார்ஃபையும் வைத்தாள்.

“என்னத்துக்குப் புள்ள அது? அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டே. நீதானே அண்டைக்கு என்னோட சண்ட பிடிச்ச?”

“சண்ட பிடிச்சன்தான்.” ஸிப்பை இழுத்து மூடினாள். “ஆனா அஞ்சு வருசத்தில மறுகா எலக்சன் வருமேம்மா. அந்த நேரம் நான் அங்கதான் இரிப்பன். அவசரத்துக்கு ஆரிட்டப் போய்த் தைக்கிற?”

அவள் திரும்ப என்னோடு சண்டை பிடிக்க மாட்டாளா, இதையெல்லாம் தூக்கி எறிய மாட்டாளா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் சூட்கேஸைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று வாப்பாவிடம் கேட்கப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு உம்மா வாப்பா வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். என் மகளுக்கு இன்னும் அத்திவாரம்கூடப் போடவில்லை... என் பயத்தை மட்டும் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன்.