மாற்றிப் பாடிய வரி

ஆல்பங்களில் என் பெயர் வராது. கடைசியில் எங்காவது 'கோரஸ்: குழுவினர்' என்று போட்டிருப்பார்கள். அந்தக் குழுவினர் நான் ஒருத்திதான். என்னையே நாலைந்து தடவை வேறு வேறு குரலில் பாடவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஊரே கூடிப் பாடுகிற மாதிரி செய்துவிடுவார்கள். ஆடிக்கு அம்மன் பாட்டு, கார்த்திகைக்கு ஐயப்பன் பாட்டு, டிசம்பருக்கு ஏசு பாட்டு. நான் மாதா கோயிலில் பாடிப் பழகியவள். "சாமி வந்தா மாதிரியே பாடுறியேக்கா" என்று யாராவது சொன்னால், கூப்பிட்டால் எந்தச் சாமியும் வரும் என்பேன். எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். என் வீட்டுக்காரர் கல்யாணமான வாரமே அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

வார நாட்களில் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து கார் வயர்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை படப்பையில் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை, நடுவில் ஒரு கண்ணாடி. பாடும்போது ஏசியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் இரைச்சலும் சேர்ந்து பாடும். ரோட்டில் கண்டெய்னர் லாரி போனால் தரை அதிரும். அது தாண்டிப் போகும்வரை வாயைத் திறந்தபடி நிற்க வேண்டும். ஸ்டுடியோ வைத்திருக்கிற தம்பிதான் கீபோர்டும் வாசிப்பான், ரெக்கார்டிங்கும் செய்வான். டோலக்குக்கு ஒருவர் வருவார். அவர் வேறொரு இடத்தில் இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்து, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு டோலக்கை மடியில் எடுத்து வைப்பார். எங்கள் மூன்று பேர் கைக்குள்ளேதான் இந்தச் சுற்றுவட்டாரத்து ஆல்பங்கள் பாதி பிறந்தன. கேட்கிறவர்களுக்கு அது தெரியாது, தெரிந்து என்ன ஆகப்போகிறது.

இப்போது கொஞ்ச காலமாக இந்தப் பக்கம் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. சின்ன வயதில் யாராவது செத்துவிட்டால் பதினாறாம் நாளுக்குள் ஒரு நினைவு ஆல்பம் போடுவார்கள். ஐந்து பாட்டு, ஃபோட்டோக்களை ஓடவிட்டு ஒரு வீடியோ, எல்லாம் ஒரு பென்டிரைவில். எங்களிடம் தயாராகவே பாட்டு இருக்கும். பெயர் வருகிற இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருப்போம். செத்தவன் பெயரை நான் வந்து பாடி ஒட்டிவிட்டுப் போவேன். அம்மா பாடுகிற மாதிரி ஒரு பாட்டு எப்போதும் உண்டு, அது என் பங்கு. பைக்கில் போய் லாரியில் விழுந்தவன், ஏரியில் குளிக்கப் போனவன், தூக்கில் தொங்கியவன், எல்லாருக்கும் நான்தான் அம்மா. வயிற்றுப் பிழைப்பு என்று சொல்லிக்கொண்டாலும் சில நாள் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காது.

போன வருஷம் மழைக்கு முன்னால் அப்படி ஒரு ஆல்பம் வந்தது. சின்ன பார்ட்ஸ் கம்பெனி ஒன்றில் பிரஸ் மிஷினில் மாட்டி ஒரு பையன் செத்துப்போயிருந்தான். ஆல்பம் போடச் சொன்னது அவன் வீட்டார் இல்லை, அவனை வேலைக்கு எடுத்திருந்த காண்ட்ராக்டர். முழுச் செலவும் அவருடையது. வீடியோ தொடக்கத்தில் அவர் கைகூப்பி நிற்கிற படம் வர வேண்டுமாம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவன் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், தாலாட்டுக்கு ஆள் வைத்துப் பாடவும் சொல்கிறவனை அன்றுதான் பார்த்தேன்.

பையனின் ஃபோட்டோக்களைக் கொடுக்க அவன் அம்மா வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒரு கேரி பேக்கை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி அவருக்கு எங்கள் தயார் பாட்டைப் போட்டுக் காட்டினான். பாதி கேட்டதும் கையைத் தூக்கினார்.

"குன்றத்தூர்ல எங்க ஓர்ப்படி புள்ள செத்ததுக்கும் இதே பாட்டுதானேப்பா போட்டாங்க. பேர மட்டும் மாத்திகினு எனக்குத் தர்றியா?"

தம்பிக்கு முகம் செத்துவிட்டது. நான்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னா வரணும்னு சொல்லுக்கா. அத்தயே பாடுறேன்."

"எம்புள்ள எப்புடி செத்தான்னு வரணும். ஒரு வரி வந்தா போதும்."

எப்படி என்று கேட்டேன். மிஷினுக்குள் கை போனால் தானாகவே நின்றுவிடுகிற மாதிரி ஒரு சென்சார் இருக்குமாம். அது அடிக்கடி நிறுத்துகிறது, டார்கெட் ஏறவில்லை என்று அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள். பையன் பயமாக இருக்கிறது என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறான். ஓட்ட முடியாவிட்டால் வீட்டுக்குப் போ என்று பதில் வந்திருக்கிறது. உள்ளே சிக்கிய தகட்டை எடுக்கக் குனிந்தபோது மிஷின் இறங்கிவிட்டது.

டோலக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க எடத்துலயும் அப்டிதான்க்கா," என்றார். "ஆடிட் வர்ற அன்னிக்கு மாட்டுவானுங்க. ஆடிட்காரன் கேட்டைத் தாண்டனதும் கழட்டிருவானுங்க."

அந்த அம்மா ஒப்பாரி சொல்கிறவர் இல்லை. சாதாரணமாகப் பேசினார், பேசியதைத் தம்பி தாளத்தில் உட்கார வைத்தான். இப்படி வந்தது:

காவலுக்கு வெச்ச கண்ணக்
கழட்டிவுட்டு ஓட்டச் சொன்னான்
காலையில போன புள்ள
துணி மூட்டையா வந்தானே

நான் கண்ணாடிக்கு உள்ளே போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். இந்த வேலையில் அழக்கூடாது. அழுதால் மூக்கு அடைத்துக்கொள்ளும், அப்புறம் அன்றைக்குப் பூராவும் குரல் எழும்பாது. அதனால் நான் பாடும்போது மாவு அரைக்க வேண்டும், கேஸ் புக் பண்ண வேண்டும் என்று எதையாவது நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு அது ஒன்றும் உதவவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரி வந்தபோது டோலக்காரர் கையை எடுத்துவிட்டார். அடியே இல்லை. என் குரல் மட்டும் தனியாகப் போனது. யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

முடிந்ததும் அந்த அம்மா மட்டும் "ஆமா" என்றார். யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி இன்னொரு தடவையும் "ஆமா" என்றார். இத்தனை வருஷம் பாடியதில் நான் உருப்படியாகப் பாடியது அது ஒன்றுதான் என்று வீட்டுக்குப் போகும் வழியில் ஷேர் ஆட்டோவில் நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. என்ன புத்தி பாருங்கள், ஒரு பிள்ளை செத்திருக்கிறது, எனக்குச் சந்தோஷம்.

பாட்டைத் தம்பி காண்ட்ராக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அனுப்பாமல் இருக்க முடியுமா, காசு கொடுக்கிறவர். அடுத்த ஞாயிறு அவரே காரில் வந்து இறங்கினார். கூடவே அந்த அம்மாவையும் அழைத்து வந்திருந்தார். எல்லாருக்கும் ஜூஸ் வாங்கி வந்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. மெத்தென்ற குரல். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்துவதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

"பாட்டு அருமையா வந்துகீதும்மா. கேட்டு அழுதுட்டேன். நானும் புள்ள பெத்தவன்தான். அந்த ஒரு எடம் மட்டும் மாத்திடுங்க. இது ஊரெல்லாம் போவும், ஃபோன்ல ஃபோன்ல சுத்தும். பார்ட்ஸ் வாங்குற பெரிய கம்பெனிக்காரன் காதுல வுழுந்தா ஆர்டரே போயிடும். எத்தினி பேரு சோறு அது?"

"நடந்தத்தானே சார் பாடிகீறோம்," என்றேன்.

"நடந்தது நமக்குத் தெரியும்மா. பாட்டுல எதுக்கு? இவங்க சின்னவனத் திங்கக்கெழம வேலைக்கு எடுத்துக்கிறேன்னு சொல்லிகீறேன். அண்ணன் எடத்துலயே."

"அண்ணன் எடம்னா எது சார்? அந்த மிஷினா?"

"ஆளு எதுல கொறையுதோ அதுல."

"சென்சார் மாட்டிட்டீங்களா?"

ஜூஸ் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார். "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்மா. நீங்க பாட்ட பாருங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மாற்றிப் பாட மாட்டேன், வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். தம்பி என்னைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தான். அவனுக்கு வாடகை இருக்கிறது, அவன்மேல் எனக்குக் கோபமில்லை. படி இறங்கப் போனபோது அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"நீயே பாடிடும்மா. வேற கொரலு வந்தா ஒட்டுப் போட்டது தெரிஞ்சிடும்."

"யக்கா, நீதானே கேட்ட அந்த வரிய?"

"கேட்டேன். போனவனுக்குக் கேட்டேன். இருக்கிறவன் ஒருத்தன் கீறானே."

பையைக் கீழே வைத்தேன்.

ரெக்கார்டிங்கில் ஒரு வரியை மாற்ற முழுப் பாட்டையும் பாட வேண்டியதில்லை. அந்த இடத்துக்கு ஓட்டிவந்து, முந்தைய வரியை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே வந்து, சரியாக அங்கே மட்டும் பாடினால் போதும். பழையது போய்ப் புதியது உட்கார்ந்துகொள்ளும். போன வாரம் நான் பாடியதே என் காதில் ஓடிவந்து, அந்த இடத்தில் நின்றது. தம்பி எழுதிக் கொடுத்த வேறு வரிகளை நான் பாடினேன்.

காலன் வந்து கூப்பிடவும்
கண்ண மூடிப் போனியேடா
காலையில போன புள்ள
கனவாட்டம் ஆனியேடா

கேவலமாகப் பாடிவிடலாம் என்றுதான் உள்ளே போனேன். என் தொண்டை கேட்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், எந்த வரியைக் கொடுத்தாலும் அதை நம்பிப் பாடிவிடுகிறது. முதல் டேக்கிலேயே சரியாக வந்து தொலைத்தது. டோலக்காரரை அந்தக் காலி இடத்தை நிரப்பச் சொன்னார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் வாசித்தார். கிளம்பும்போது ஜூஸை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போக எனக்கு மனமே இல்லை. அந்த அம்மா ஃபோன் செய்து கூப்பிட்டார், போனேன். தெருவை அடைத்துப் பந்தல். வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர். அதில் செத்த பையன் பாஸ்போர்ட் ஃபோட்டோவில் இருக்கிற மாதிரி விறைப்பாக நின்றான், பக்கத்தில் காண்ட்ராக்டர் அவனைவிடப் பெரிதாகக் கைகூப்பி நின்றார். பெரிய ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. மற்ற நாலு பாட்டுக்கும் ஜனம் பேசிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தது. அம்மா பாட்டு வந்ததும் பந்தல் அடங்கியது. காலன் வந்து கூப்பிட்ட இடத்தில் பொம்பளைகள் வாய்விட்டு அழுதார்கள். காண்ட்ராக்டர் கர்சீஃப் எடுத்துக் கண்ணைத் துடைத்தார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நேரம் வந்துடுச்சி, போயிட்டான். மிஷினு இன்னா பண்ணும்?" என்று எனக்கு முன்னால் ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் சொன்னார். அம்மா பாட்டு போடுவதற்கு முன்னால் இதே ஆள் சென்சாரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார், என் காதால் கேட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இருக்கிறது. நானே பாடி மூடினேன்.

கூட்டம் கலைந்ததும் அந்த அம்மா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். என் இலையில் வடை அப்படியே இருப்பதைப் பார்த்துச் சாப்பிடச் சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலாம் போலிருந்தது.

"நல்லா பாடிகீறம்மா," என்றார். "நீ பாடிக் கேட்டா எனக்கே அப்புடித்தான் போனான்னு தோணுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாடும்போது வராத அழுகை எல்லாம் சேர்ந்து, வடை இலைமேல், அசிங்கமாக வந்தது. அவர் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவர் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சை மாற்ற, சின்னவன் எங்கே என்று கேட்டேன்.

"காலையில காரியம் முடிச்சதும் ஓடிட்டான். செகண்டு ஷிப்டு. லீவு கேட்டான், தர்ல."

"அண்ணன் ஓட்டுன மிஷின்லயாக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"சென்சாரு மாட்டிட்டாங்களாமா?"

காண்ட்ராக்டர் இன்னும் பந்தலில்தான் இருந்தார். யாருக்கோ கைகொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார்.

"கேக்கலம்மா. அத்தக் கேக்கக் கூடாதுன்னுதானே பாட்டையே மாத்துனோம்."