கதையைப் பார்க்காதே, கையைப் பார்

சொந்த அக்காவுக்கு வாத்தியாராவதைப் போன்ற வினை உலகத்தில் வேறு கிடையாது. நாடக அரங்கில் ஒலியமைப்பு வகுப்பு எடுக்கும் தங்கைக்கு அது தெரியும். தெரிந்தேதான் அக்காவைச் சேர்த்துக்கொண்டாள். அத்தான் என்கிற அந்த மகானுபாவர், அக்காவை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டு, இப்போது சட்டைக்கு இஸ்திரி போட ஆளில்லாமல் தினமும் போன் போட்டு, வந்து சேரச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் மணிக்கே அக்கா ஓடிப்போய் எடுப்பாள்.

"இங்க ஒரு வேலை கிடைச்சா இருக்கேன். இல்லன்னா போயிடறேன்டி. எத்தனை நாளைக்கு உன் தலையில உட்கார்ந்திருக்கறது?"

வேலை ஒன்று காலியாகத்தான் இருந்தது. அரங்கில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஆள், இயக்குநர் போடும் சத்தம் தாங்காமல் ஓடிவிட்டான்.

வகுப்பில் அக்கா முதல் வரிசை. தங்கை மழைச் சத்தத்தைப் போட்டுக் காட்டினால், "இது மழையா? எண்ணெயில எதையோ போட்டு வறுக்கிற மாதிரி இருக்கு" என்பாள்.

"அக்கா, இங்க என்னை மேடம்னு கூப்பிடு."

"உனக்கு மூக்குச் சிந்திவிட்டவடி நான். மேடமாம் மேடம்!"

வகுப்பே சிரித்தது. மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தாள். எந்தச் சத்தத்தையும் படக்கென்று வெட்டக்கூடாது, கேட்கிறவனுக்கே தெரியாமல் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைக்க வேண்டும். விதிவிலக்கு, மேடையில் அடிக்கும் டெலிபோன் மணி. நடிகையின் கை ரிசீவரைத் தொட்டதும் அது நின்றாக வேண்டும். "கதையைப் பார்க்காதே, கையைப் பார்" என்றாள்.

"கதையைப் பாக்காம என்ன எழவுக்குடி நாடகம்?" என்றாள் அக்கா.

ஆனாலும் ஓடிப்போனவன் இடத்தில் அக்காவை உட்காரவைத்தபோது, ஒத்திகையில் ஒரு பிசகும் இல்லை. ஒத்திகையில் நாடகத்தை யார் முழுசாக நடித்தார்கள்? இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. முதல் காட்சியன்றுதான் அக்கா கதையை ஆரம்பத்திலிருந்து பார்த்தாள்.

விட்டுவிட்டுப் போன புருஷன் கடைசியில் போன் செய்கிறான். மனைவி ஓடிவந்து எடுக்கிறாள். "ஹலோ" என்றாள் நடிகை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. "ஹலோ, சொல்லுங்க!" மணி நிற்கவில்லை. அரங்கம் கொல்லென்று சிரித்தது. மேலே, ஒலிக்கட்டுப்பாட்டு அறையில் அக்கா மேடையைப் பார்த்து, "எடுக்காதடி... வச்சுத் தொலைடி, கழுதை" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தங்கைதான் பாய்ந்து பட்டனை அமுக்கினாள்.

நாடகம் முடிந்ததும் இயக்குநர் படியேறி வந்தார். "மிஷின் கோளாறா, ஆள் கோளாறா?"

"பட்டன் மாட்டிக்கிச்சு சார்" என்று தங்கை ஆரம்பித்தாள்.

"பட்டன் நல்லாத்தான் இருக்கு. அவ எடுத்தது எனக்குப் பிடிக்கல" என்றாள் அக்கா.

தங்கை அக்காவின் கையைக் கிள்ளினாள். நாடகம் நாசமாய்ப் போகட்டும். இனி அக்கா அந்த ஆளிடம் அல்லவா திரும்பிப் போவாள்?

இயக்குநர் முறைத்தார். அவருக்கு நாளைக்கு ஆள் வேண்டும், அவரிடம் வேலை செய்ய ஊரில் எவனும் தயாராக இல்லை. "நாளைக்கும் பிடிக்கலன்னா வராதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் கை தொட்டதும் மணி நின்றது. கண்ணில் தண்ணீர் வழிய அக்கா கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் கீழிருந்து "ம்" என்றார். அதற்கு மேல் அவர் யாரையும் பாராட்டியதில்லை. வேலை உறுதி.

ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் பைக்குள் போன் அடித்தது. அத்தான். தங்கை கையிலிருந்த ஒயரைக் கீழே போட்டாள். அக்கா போனை வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"படக்குனு வெட்டக்கூடாதுன்னுதானே சொன்ன?"

போனின் பக்கவாட்டில் சத்தம் குறைக்கும் பொத்தானை ஒவ்வொரு தடவையாக அமுக்கினாள். மணி சன்னமாகி, இன்னும் சன்னமாகி, கேட்காமல் போனது. போனைப் பைக்குள் போட்டாள்.

"என்ன மேடம் வாயைப் பொளந்துட்டு நிக்கிறீங்க? அந்த ஒயரை எடுங்க."