நாலு வரணும்

மண்டலத்தின் தடுப்பூசி அதிகாரியான அந்த அம்மாளுக்கு நர்ஸுகள் வைத்திருந்த பட்டப்பெயர் நாலு டிகிரி. முகத்துக்கு நேரே சொல்ல எவருக்கும் துணிச்சல் கிடையாது. ஆனால் அவருடைய ஜீப் சுகாதார நிலையத்து வாசலில் திரும்பும்போதே, "நாலு டிகிரி வந்தாச்சு!" என்று உள்ளே குரல் ஓடிவிடும். இது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. கோபம் வரவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்து இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். நாலு என்றால் நிம்மதி. அறுபத்து மூன்று சுகாதார நிலையங்களின் ஃபிரிட்ஜ்களை அந்த நாலில் நிறுத்துவதற்கே பதினெட்டு வருடம் ஓடியிருக்கிறார். கைப்பையில் சீப்பு இருக்காது, தெர்மாமீட்டர் இருக்கும். வீட்டு ஃபிரிட்ஜை யாராவது அரை நிமிடம் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் அவ்வளவுதான். "இதுக்கும் ஒரு ரிஜிஸ்டர் போட்டுடு, வர்றவன் போறவன் எல்லாம் கையெழுத்துப் போடட்டும்" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

ரிஜிஸ்டர் என்றால் அவருக்கு உயிர். தினமும் காலையிலும் மாலையிலும் ஃபிரிட்ஜின் டிகிரியைப் பார்த்து எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் இருக்கவே கூடாது. தப்பித்தவறி அடித்துவிட்டால், பக்கத்தில் கையெழுத்து வேண்டும். "யார் தப்போ அவங்க கையெழுத்து. அடுத்தவங்க போடக் கூடாது" என்பார். இந்தக் கையெழுத்து விஷயத்தில் அழாத நர்ஸ் அந்த மண்டலத்தில் குறைவு.

அப்படிப்பட்டவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. குழந்தைகள் வார்டு டாக்டர் பேசினார்.

"மேடம், பத்து மாசக் குழந்தை. கக்குவான் இருமல். ஆக்ஸிஜன்ல வெச்சிருக்கோம்."

"ஊசி போடாத குழந்தையா இருக்கும்."

"மூணும் போட்டிருக்கு. கார்டு என் கையிலதான் இருக்கு. இன்னொரு குழந்தையும் அதே மாதிரி வந்திருக்கு. ரெண்டும் ஒரே நிலையம்."

நிலையத்தின் பெயரைக் கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிறந்த நிலையம் என்று இரண்டு வருடம் தொடர்ந்து சான்றிதழ் வாங்கிய இடம். கொடுத்தவரே இவர்தான்.

வார்டில் அந்தக் குழந்தை இருமிக்கொண்டிருந்தது. ஒரு இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவில் மூச்சு இழுக்க நேரமில்லை. முகம் நீலம் பாரித்து, கடைசியில் ஒரு கூவலோடு காற்று உள்ளே போனது. இந்த நோயைப் பற்றி நூறு கூட்டத்தில் பேசியிருக்கிறார். கண்ணால் பார்த்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு எட்டு பின்னால் போய் நின்றார்.

தாய்க்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். தையல் கம்பெனியில் வேலை. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

"நிஜமாவே மூணு ஊசியும் போட்டீங்களா? இல்ல, கார்டுல மட்டும் எழுதி வாங்கிட்டீங்களா?" என்று அதிகாரி கேட்டார். கேட்ட தொனி அவருக்கே நன்றாக இல்லை.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "மூணு தடவையும் என் மடியில வெச்சுதாம்மா போட்டாங்க. மூணு தடவையும் லீவு போட்டேன். ஒவ்வொரு தடவையும் காய்ச்சல் வந்து தோள்லயே கிடந்தான். வாங்குன வலி பொய்யா?"

அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

சுகாதார நிலையம் வழக்கம்போலப் பளிச்சென்று இருந்தது. சுவரில் அவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இரண்டும் கண்ணாடிக்குள் இருந்தன. நர்ஸ் அங்கே பன்னிரண்டு வருடமாக இருப்பவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள். கேட்காமலே ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து வைத்தாள். நாலு, நாலு, நாலு. பக்கம் பக்கமாக முத்து முத்தாக நாலு. பார்க்கப் பார்க்க மனசு லேசானது. அப்புறம்தான் இன்றைய வரியில் கண் நின்றது. மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. மாலைக் கட்டத்திலும் நாலு இருந்தது.

கைப்பையிலிருந்து தன் தெர்மாமீட்டரை எடுத்து ஃபிரிட்ஜுக்குள், மருந்துக் குப்பிகளுக்கு நடுவில் வைத்தார். கால் மணி நேரம் கழித்து எடுத்தார். மைனஸ் இரண்டு.

வெயிலில் வைத்தால் மருந்து கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். குளிரில் உறைந்தாலும் கெடும் என்பதைத்தான் பலர் நம்புவதில்லை. கக்குவானுக்கான மருந்து ஒரு தடவை உறைந்துவிட்டால் போச்சு, திரும்ப உருகினாலும் வேலைக்கு ஆகாது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து, உருக்கி, சந்தேகப்படும் குப்பியோடு சேர்த்துக் குலுக்கிப் பார்ப்பது. கெட்ட மருந்து சீக்கிரம் அடியில் படியும். நல்ல மருந்து கலங்கலாகவே நிற்கும்.

அன்று யாருக்கும் ஊசி போட வேண்டாம் என்று சொல்லி, ஒரு குப்பியை உறைவதற்காக ஃபிரீசரில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை வந்து, உருகும்வரை காத்திருந்து, இரண்டையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி மேஜையில் வைத்தார். நர்ஸும் எதிரில் உட்கார்ந்தாள். உறைய வைத்த குப்பியில் வெள்ளைப் பொடி இறங்கியது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குப்பியிலும் இறங்கியது. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் ஒரே நேரத்தில் அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நின்றது.

"எவ்வளவு நாளா?" என்றார்.

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேக்கிறேன்ல? எவ்வளவு நாளா இந்தப் பொய்யை எழுதிட்டு இருக்கே? பச்சைக் குழந்தைங்க உயிரோட விளையாடியிருக்கே! உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இல்லையா?"

நர்ஸ் எழுந்துபோய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய ரிஜிஸ்டர் ஒன்றை எடுத்து வந்தாள். மூன்று வருடத்துக்கு முந்தையது. பக்கத்தை அவளே திருப்பி வைத்தாள்.

பூஜ்யம். மைனஸ் ஒன்று. ஒன்று. பூஜ்யம். மைனஸ் இரண்டு. ஒரு மாதம் முழுக்க அப்படி. பக்கத்தின் கீழே சிவப்பு மையில் நாலு வரி:

'இப்படியா எழுதுவது? எல்லா நாளும் நாலு வர வேண்டும். அடுத்த முறை வேறு எண்ணைக் கண்டால் விளக்கம் கேட்கப்படும்.'

கையெழுத்து அவருடையது.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நிக்கவெச்சுத் திட்டினீங்க மேடம். நாலு வரணும்னீங்க. ஃபிரிட்ஜுல குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகியைத் திருகித் திருகிப் பார்த்தேன், வரல. மெக்கானிக் வேணும்னு உங்க ஆபீஸுக்கு லெட்டர் போட்டேன். அதுக்குள்ள மாசம் முடிஞ்சு நீங்க திரும்ப வர்ற நாள் வந்துடுச்சு. பயத்துல நாலுன்னு எழுதிட்டேன்."

"லெட்டர்? எந்த லெட்டர்?"

அந்தக் கடிதத்துக்கு வந்த பதிலும் ரிஜிஸ்டருக்குள்ளேயே மடித்து இருந்தது. 'பதிவேட்டின்படி வெப்பநிலை சரியாக உள்ளது. பழுது ஏதும் இல்லை.' அதன் அடியிலும் அவர் கையெழுத்துதான்.

மருந்து உறையும் என்று அந்த மண்டலத்துக்கே பாடம் எடுத்தவர் அவர். பூஜ்யத்தைக் கண்டதும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை, ரிஜிஸ்டரைப் பார்த்துக் கோபம் வந்திருக்கிறது. பின்னாளில் அழகான நாலுகளைப் பார்த்து மகிழ்ந்துபோய் சான்றிதழும் கொடுத்திருக்கிறார். தெர்மாமீட்டர் அத்தனை நாளும் கைப்பையில்தான் இருந்தது. மூன்று வருடத்தில் அந்த நிலையத்தில் ஊசி போட்ட குழந்தைகள் எழுநூற்றுப் பன்னிரண்டு.

வேலை வேலைதான். அந்த ஃபிரிட்ஜ் மருந்தைப் போடுவதை நிறுத்தச் சொன்னார். எழுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் ஆள் அனுப்பப் பட்டியல் எடுக்கச் சொன்னார். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, சிவப்பு மைப் பக்கத்தையும் இணைத்து மேலிடத்துக்கு அனுப்பினார். கிளம்பும்போது நர்ஸ் பேனாவோடு வாசல்வரை வந்தாள்.

"இன்னிக்குக் கட்டத்துல என்ன எழுதட்டும் மேடம்?"

"என்ன காட்டுதோ அதை எழுது."

"திட்ட மாட்டீங்களே?"

அந்தக் கேள்வி ஆஸ்பத்திரிவரை அவர் கூடவே வந்தது.

குழந்தைக்கு ஆக்ஸிஜன் எடுத்திருந்தார்கள். பிழைத்துவிட்டது, இருமல் மட்டும் இன்னும் பல வாரம் இருக்கும் என்றார் டாக்டர். தாய் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நேத்து நான் கேட்டது தப்பு. நீங்க சரியான நாள்ல, சரியாத்தான் வந்தீங்க. மருந்துதான் கெட்டுப்போயிருந்தது. உறைஞ்சுபோன மருந்து."

"யாரும்மா கெடுத்தது?"

ஃபிரிட்ஜ் என்று சொல்லலாம். நர்ஸ் என்றும் சொல்லலாம். "நான்தான்" என்றார். எப்படி என்பதையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அப்ப மறுபடியும் முதல்லேருந்தா?"

"ஆமாம்மா. மூணும்."

"மறுபடியும் அழுவான்." அவள் தலையணைக்கு அடியிலிருந்து கார்டை எடுத்தாள். மடங்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். உறையிலிருந்து உருவி அவரிடம் நீட்டினாள். "இதுல போட்டதா எழுதியிருக்கு. இப்படியே விட்டா நாளைக்கு வேற யாராவது பார்த்துட்டு, 'போட்டாச்சே'ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. அடிச்சுக் குடுங்க."

பதினெட்டு வருடத்தில் அவர் பேனா ஒரு கார்டிலும் ஒரு எழுத்தை அடித்ததில்லை. முதல் ஊசியின் மேல் ஒரு கோடு போட்டார். இரண்டாவதன் மேல் ஒன்று. மூன்றாவதில் கோடு கோணலாகப் போனது.

பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.